நாலு அங்குலம்

ஆர்டர் தாளில் அரிசியைப் பற்றி
அரை வரிதான் இருந்தது.
எழுத்தைப் பற்றி இரண்டு பக்கம்.

கொடி மேலே, எட்டு அங்குல அகலம்.
அதன் கீழே மூன்று மொழியில்
'இந்திய மக்களின் அன்பளிப்பு.'
எழுத்தின் உயரம் மூன்று அங்குலம்.
மசி கலையக் கூடாது,
கடல் காற்றுக்கும் சரி
கேமரா வெளிச்சத்துக்கும் சரி.
கப்பலூர் சிட்கோவில் எங்கள் கொட்டகைக்கு
இப்படி ஒரு வேலை வந்ததில்லை.
அதுவரை கோழித்தீவனம், சுண்ணாம்பு,
உசிலம்பட்டி மொச்சைக்கு ஒரு காளைத் தலை.

யசிந்தாதான் முதலில் பார்த்தாள்.
பிலிமைத் தூக்கி ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து
"அண்ணை, சிங்களம் தலைகீழா நிக்குது."
அதற்குள் நூற்றுப்பத்து சாக்கு ஓடிவிட்டது.
எங்கே படித்தாய் என்றேன்.
"பள்ளிக்கூடத்தில இல்லை.
சென்றியில, அம்மாவோட.
வரிசையில நிக்கேக்குள்ள
வேற என்னத்தை வாசிக்கிறது?"

மூன்றாம் வாரம் போன் வந்தது. நிறுத்து.
முதலாளி சோலைமலைக்குக் காரணம் சொல்லவில்லை.
டோல்கேட் டீக்கடையில் பேப்பர் சொன்னது:
ஒரு துறைமுகக் குத்தகை,
கையெழுத்து இழுபறி.
அங்கே அடுப்பு எரியாத வீடுகளில்
அந்தக் கையெழுத்து விழும்வரை
பசியை ஒத்திவைத்தார்களா, தெரியாது.
இங்கே கூரை வரை சாக்கு.
சாக்குமேல் பூனை குட்டி போட்டது.
குட்டிகள் கண் திறந்த அன்று
மறுபடி போன். ஓட்டு.
ஆனால் நாலு அங்குலம்.

ஏன் சார்?
வேறொரு நாட்டு மூட்டை
முந்திப் போய் இறங்கிவிட்டதாம்.
போட்டோவில் பார்த்திருக்கிறார்கள்.
அதில் எழுத்து மூன்றரை.

எங்கப்பா திருமங்கலம் போர்டு ஸ்கூலில்
மஞ்சள் உப்புமா தின்றவர்.
அந்தச் சாக்குத் துணியில் தைத்த டிரவுசரில்
பின்பக்கம் இரண்டு கை குலுக்கிக்கொள்ளும்.
"உக்காந்தா அமெரிக்கா, எந்திரிச்சா அமெரிக்கா" என்பார்.
தந்தவன் எதற்குத் தந்தான் என்று
அவருக்குப் பிடிபட்ட வயதில்
டிரவுசர் கிழிந்து போயிருந்தது.

புதுச் சட்டம் கட்டினோம். மசி கரைத்தோம்.
யசிந்தா ரப்பரைத் தோளிலிருந்து இழுப்பாள்,
அரைச் சொட்டு ஒழுகாது.
இந்திய மக்களின்
இந்திய மக்களின்
இந்திய மக்களின்
நாளொன்றுக்கு ஆயிரத்து அறுநூறு தடவை.
சில நாள் நாலரைக்கே கை கழுவிவிடுவாள்.
உச்சப்பட்டி முகாமில் அன்றைக்குத் தலை எண்ணுவார்கள்.
ஆள் இல்லையென்றால் பெயரில் கோடு.
கோடு விழுந்தால் அந்த மாதம்
பணமும் இல்லை, அரிசியும் இல்லை.
ஒன்பது வயதில் படகேறி வந்தவள்.
முப்பத்திரண்டு வருடம்.
அவள் தாளில் 'எந்த நாடு' என்ற கட்டம்
இன்னும் காலிதான்.

கடைசி லோடு கட்டும்போது
ஒரு சாக்கின் வாய்மடிப்பு பிரிந்து கிடந்தது.
உள்பக்கம், மார்க்கர் பேனாவில்,
எறும்புச் சாரை மாதிரி:
'கல் கிடக்கும். ரெண்டு தரம் அரிச்சுப் போடுங்கோ.'
அடுத்ததைப் பிரித்தேன். அதிலும்.
அதற்கடுத்தது வெறும் சாக்கு.
அப்புறம் மூன்றில் இருந்தது.
எத்தனை என்று எண்ணவில்லை.
மடித்துவிட்டேன்.

அளவு பார்க்க வந்த பையன்
ஸ்கேலை வைத்து வெளிப்பக்கம் அளந்தான்.
நாலு. நாலு. நாலு.
உள்ளே பார்க்கச் சொல்லி
அவன் தாளில் இல்லை.

லாரி தூத்துக்குடிக்குப் போனது.
தலைகீழாய்ப் போன நூற்றுப்பத்தை
எடைக்குப் போடச் சொன்னார் முதலாளி.
யசிந்தா பத்து கேட்டாள்.
குளிக்கிற மறைப்பில் தட்டி இற்றுவிட்டதாம்.
எடுத்துக் கொடுத்தேன்.
கிலோ பதினெட்டு ரூபாய் என்று
அவள் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.