முழு எண்

இறுதியாண்டு புராஜெக்டுக்குப் பெயர் வைக்கவே
நாலு நாள் ஆயிற்று.
நிலோஃபர் 'களம்' என்றாள்.
போன வருஷம் மூன்று அணிகள் வைத்த பெயர்.
கடைசியில் 'ஈரம்'.
நெல்லின் ஈரப்பதம்தான் சார், வேறொன்றுமில்லை என்று
துறைத்தலைவர் முன்
சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றோம்.

மொத்தம் மூன்றே பக்கம்.
ஈரப்பதம் எவ்வளவு, மூட்டை எத்தனை,
கொள்முதல் நிலையத்தில் உங்கள் முறை என்றைக்கு.

பொத்தானின் பச்சைக்கு மட்டும் ஒரு வாரம்.
முதல் பச்சையை
எங்கள் பள்ளிவாசல் சீரியல் லைட் மாதிரி இருக்கு என்று
நிலோஃபரே தள்ளினாள்.
இரண்டாவது வெயிலில் தெரியவில்லை.
மூன்றாவது
கொரடாச்சேரி தாண்டும்போது பஸ் ஜன்னலில் பிடித்தது:
விதைத்து இருபது நாளான நாற்றங்கால்.
படத்தில் தொட்டு எடுத்தால்
அந்த நிறத்துக்கு ஆறே எழுத்து.

இதெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தோம்.
ஈரப்பதம் என்ற கட்டத்துக்கு மட்டும்
'முழு எண்' என்று எழுதிவைத்தேன்.
ராத்திரி ஒன்றரை மணி,
மின்சாரம் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.
ஏன் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை.
கை பழகிய சொல், போட்டுவிட்டேன்.

தை பிறந்ததும்
இருபத்துமூன்று பேர் போனில் ஏற்றிக்கொண்டார்கள்.
அதில் வைரக்கண்ணு ஒருவர்.
ஆறு மா குத்தகை, எண்பது மூட்டை.
மில்லில் இரவல் வாங்கிய மீட்டர்
பதினேழு புள்ளி எட்டு என்றது.
என் கட்டம் புள்ளியையும் எட்டையும் விழுங்கிவிட்டு
பதினேழு என்று காட்டியது.
நாற்றங்கால் பச்சையில்
'கொண்டு வரலாம்'.

கொண்டு போனார்.
அங்கே மறுபடி ஒரு மீட்டர்.
பதினேழுக்கு மேல இருக்கு, காயவச்சு எடுத்தா.
எண்பது மூட்டையும்
வந்த டிராக்டரிலேயே வீடு திரும்பின.

திட்டுவார் என்று நினைத்துத்தான் போனை எடுத்தேன்.
"பாப்பா, உங்க இதுல புள்ளி விழலை போலருக்கு"
என்றார்.
அவ்வளவுதான்.

சரிசெய்ய நாலு நிமிஷம் பிடித்தது.
முழு எண்ணை அழித்து தசமம் என்று மாற்றி
'சிறு பிழை நீக்கப்பட்டது' என்று குறிப்பெழுதினேன்.
பிறகு அந்தச் 'சிறு'வை அழித்தேன்.

மூணாறு தலைப்பில் வந்த தண்ணீர்
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது.
ஷட்டரைத் திருகுகிறவர்
எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்று
நோட்டில் எழுதிவைக்கிறார்.
அங்குலத்தை விட்டால்
கடைமடையில் யாருக்கோ ஒரு வயல் இல்லை.
நான் அந்தப் பாலத்தின் மேல்தான்
நாலு வருஷம் கல்லூரி பஸ்ஸில் போனேன்,
காதில் இயர்போனோடு.

டிராக்டர் வாடகை ஆயிரத்து எண்ணூறு.
ஃபிளெக்ஸ் கடையில் ஒரு பேனர் வடிவமைத்தால்
எனக்கு நூற்றைம்பது.
பன்னிரண்டு பேனர்:
ஒன்பது மஞ்சள் நீராட்டு, இரண்டு காதணி விழா,
ஒரு கண்ணீர் அஞ்சலி.
கொண்டுபோய்க் கொடுத்தேன்.
வேண்டாம் என்பார் என்று
உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தது.
எச்சில் தொட்டு எண்ணிப் பார்த்தார்.
"ஏத்துக்கூலிய விட்டுட்டியே."

நியாயம்தான்.
இன்னும் நாலு பேனர்.

வைவா அன்று வெளித்தேர்வாளர்
தானே ஒரு எண்ணை அழுத்திப் பார்த்தார்.
பதினேழு புள்ளி ஒன்று.
திரை சிவந்தது.
நல்லது, என்றார். இந்தச் சிவப்பு ஏன் இப்படி அடிக்கிறது?

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
அந்தச் சிவப்பை
யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.
எதுவும் சொல்லாவிட்டால் தானாக வந்து உட்காரும் நிறம் அது.
அது யாருக்காவது வரும் என்று
நாங்கள் நினைக்கவே இல்லை சார் என்று
நிலோஃபர்தான் சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில்
ஜன்னலோர இடத்தை என்னிடம் பிடுங்கிக்கொண்டு
போனை வெளியே நீட்டியபடி வருகிறாள்.
செங்கல் சூளை, வேண்டாம்.
கொடிக்கம்பம், வேண்டாம்.
'இல்லை' என்பதை
ஒரு மனுஷரிடம் எந்தச் சிவப்பில் சொல்லலாம்?
அம்மையப்பன் தாண்டிவிட்டது,
இன்னும் கிடைக்கவில்லை.