தெப்பக்குளம், ஹாங்காங்

குப்புராம் வட்டைத் துடைக்கிறான்
சட்டை நுனியால், பிறகு ஊதி, மறுபடியும் நுனியால்.
"பிரேம் பிரேமா கழுவியிருக்காங்க மாமா,
இனிமே கோடு கெடையாது, மழை கெடையாது."
முன்பெல்லாம் அந்தப் படம் முழுக்க மழை பெய்யும்,
பாலைவனக் காட்சியிலும்.

எனக்குக் கேமரா மாட்டுகிற தொழில்.
முனிச்சாலை முதல் விளக்குத்தூண் வரை
நகைக்கடை, ஜவுளிக்கடை, ஒரு லாட்ஜின் மாடிப்படி
எல்லாம் என் கண்கள்.
போன மாதம் சங்கிலி அறுத்தவனைப்
பெரிசாக்க முடியுமா என்றார் எஸ்.ஐ.
பெரிசாக்கினேன்.
மூக்கு ஆறு சதுரம், வாய் இரண்டு.
"யாருய்யா இது?"
நானாகவும் இருக்கலாம் சார் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

ஐம்பத்தைந்து அங்குலத்தில் உளவாளி வருகிறான்,
சித்திரை வெயிலுக்குச் சற்றும் ஒத்துவராத கையுறையோடு.
எழுபத்திரண்டில் அவன் முகம் ஒரு வெள்ளை வட்டம், நடுவில் மீசை.
இப்போது பவுடர் காதுக்குக் கீழே நின்றுவிடுகிறது,
அதற்கப்பால் வியர்க்கிற ஒரு ஆள்.
வில்லனின் வழுக்கைக்கு ஓரம் இருக்கிறது,
பசை காய்ந்து தூக்கிக்கொண்டு.
விமானத்துக்கு நூல் இருக்கிறது.
உலகையே அழிக்கப்போகும் எந்திரத்தில்
மின்விசிறி ரெகுலேட்டர், ஒன்று முதல் ஐந்து வரை.
அவன் மூன்றில் வைக்கிறான்.
"மீடியமா அழிக்கிறான்" என்கிறாள் பத்மலோசனி,
கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தாமல்.

ரகசியக் கடிதம் குளோசப்பில் வந்தபோது
நிறுத்து என்றேன்.
மூன்று பேர் செத்த காகிதம்.
ஒருத்தி அதை விழுங்கவும் பார்த்தாள்.
படிக்க முடிகிறது இன்று:
துவரம்பருப்பு இரண்டு படி. நல்லெண்ணெய்.
லைட்மேன் பேட்டா பாக்கி நாற்பது.
கீழே அடிக்கோடிட்டு, அவசரம்.
குப்புராம் சிரித்துச் சிரித்து இருமினான்.
அந்த நாற்பது ரூபாய் கைக்கு வந்திருக்குமா என்று
எனக்கு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு 'ஹாங்காங் துறைமுகம், இரவு பதினொன்று'.
காகித விளக்குகள், கூம்புத் தொப்பிகள், படகில் வைரம்.
இங்கிருந்து நடந்தால் கால் மணி நேரம்.
கேமராமேன் கெட்டிக்காரர்,
மைய மண்டபம் வராமல், மாரியம்மன் கோயில் வராமல்
ஓரம் ஓரமாக வெட்டியிருக்கிறார்.
பாதி வருஷம் பையன்கள் கிரிக்கெட் ஆடும் தெப்பக்குளத்தில்
அந்த வருஷம் தண்ணீர் இருந்திருக்கிறது.
அதனிடம் மட்டும் யாரும் சொல்லிவைக்கவில்லை.
நீரில் தலைகீழாக நிற்கிறது மண்டபம்,
நாலு மூலையும் நடுக்கோபுரமும்,
அரை நூற்றாண்டு மங்கலில் ஒளிந்திருந்துவிட்டு.

"இரு, பின்னாடி போ."
கத்தியை வைத்துவிட்டாள் பத்மலோசனி.
மூன்றாவது கூம்புத் தொப்பி.
எல்லோரும் படகைப் பார்க்க
அந்த ஆள் மட்டும் நேராகக் கேமராவை.
இடது புருவத்தை இரண்டாக்கும் தழும்பு.
எங்கள் பேச்சில் ஒரு வார்த்தை சொன்னாள்,
தமிழில் எழுதினால் அது வெறும் 'அப்பா' ஆகிவிடும்.

அம்மாவிடம் நைட் ஷிப்ட் என்றாராம்.
விடிகாலையில் புதுச் செருப்போடு வந்தாராம், அம்மாவின் அளவில்.
காசு ஏது என்று கேட்டுக் கேட்டு
எட்டு நாள் பேசாமலிருந்தாளாம் அவள்.
கடைசி வரை சொல்லவில்லை.
சீட்டாட்டம் என்றே நினைத்துச் செத்தாள்.

குப்புராம் இப்போது சிரிக்கவில்லை.
"வேற யாராச்சும் இருக்கும்" என்றான், எழுந்து
திரையருகே போய்க்கொண்டே.

"பெரிசாக்க முடியுமா?" என்றாள் என்னிடம்.

ரிமோட்டை வாங்கினேன். கை பழக்கத்தில்
சதுரங்களுக்காகக் காத்திருந்தது.
ஒரு மடங்கு. இரண்டு.
உப்பு தூவியதுபோல் மணிகள், அவற்றுக்குள்ளிருந்து
முகம் போகாமல் நின்றது.
தொப்பியின் வார் கழுத்தில் அரிக்க,
படகையும் வைரத்தையும் விட்டுவிட்டு
யாருய்யா இது என்பதுபோல் பார்க்கிறார்
எங்கள் மூன்று பேரையும்.