மிச்சப் பிரம்பு

பால் எடை எழுதும் பழைய புத்தகத்தின்
பின்பக்கத்தில் எழுதுகிறேன்.
சப்பான்காரன் போய் இது ஏழாவது மாதம்.
ஆணிக்காக நிபோங் திபால் கடைத்தெரு முழுக்க அலைந்து
விலையை மட்டும் கேட்டுக்கொண்டு திரும்பினோம்.
பிரம்பால் கட்டுவது என்று முடிவு.

முதல் நாள் நான்கு குழி.
காலையில் மரம் சீவிய கைகள்,
இரண்டு மணிக்கு மேல்தான் மண்வெட்டி பிடிக்கும்.
நிபோங் மரம் முள்ளோடு வந்து சேர்ந்தது.
முள் எடுக்கவே பொழுது போய்விட்டது.
ஊருக்கே பேர் கொடுத்த மரம்,
சும்மா வருமா?

மறுநாள் எட்டுக் கால் நின்றது.
வீராயி மகள் ஒவ்வொன்றாய்த் தொட்டு எண்ணினாள்:
இச்சி, நீ, சான், சீ…
மண்வெட்டிகள் நின்றுவிட்டன.
மூன்று வருஷத்தில் அவளுக்கு
யாரோ சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான்.
கடைசிக் காலைத் தொட்டு ஹச்சி என்றவள்
சரிதானே என்று எங்கள் முகத்தைப் பார்த்தாள்.

சரிதான். எட்டுதான்.

புதன் மழை.
வியாழன் மழை, குழியில் தவளை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து
பாக் லாசிம் சம்பானில் வந்தார்.
முந்நூறு அத்தாப்பு, தைத்தே கொண்டுவந்திருந்தார்.
காசு வேண்டாமாம்.
சைக்கிள் சக்கரத்தில் சுற்றிக்கொள்ள
ஒரு கூடை ஒட்டுப்பால் போதுமாம்.
இரண்டு கூடை கொடுத்தோம்.
கிராணியாருக்குத் தெரியாது.

மூங்கில் தட்டிச் சுவரில் காற்று புகுந்தது.
சன்னாசி ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கவிழ்த்தான்:
வாழைமரம் போட்ட நோட்டு,
நாலாயிரம் வெள்ளி இருக்கும்.
மரவள்ளிப் பசை காய்ச்சி ஒட்டினோம்.
இந்தத் தோட்டத்திலேயே பணக்காரச் சுவர் என்று
ஒருவன் சொல்ல, சிரித்தோம்.
சன்னாசி சிரித்தானா, தெரியவில்லை.
சயாமுக்கு ரயில் போட அவன் அண்ணனைக் கூட்டிப்போனபோது
வீட்டில் கொடுத்த முன்பணமும்
அதில்தான் இருந்தது.
எந்த நோட்டு என்று நாங்கள் கேட்கவில்லை.

ஞாயிறு.
கூரை முகட்டில் பன்னிரண்டு முடிச்சுதான் பாக்கி.
கால்வாயில் ஊறப்போட்ட பிரம்புக் கட்டைக் காணோம்.
பக்கத்துத் தோட்டத்தான் மேல் சந்தேகம்,
அப்புறம் நாய் மேல்,
அப்புறம் என் மேல்கூட.

விளக்கு வைக்கும் நேரத்தில்
பழநியாண்டி மகன் சீரங்கன் வாய் திறந்தான்.
அவனும் இன்னும் நாலு பேரும்
கட்டைத் தூக்கிக்கொண்டு போய்
கிரியான் ஆற்றில் விட்டுவிட்டார்களாம்.

"புதன்கிழமை வாத்தியார் வரார்ல?
மிச்சம் இருந்தா
அவர் கைக்குத்தானே போகும்!"

அடிக்கக் கை ஓங்கிய பழநியாண்டி
எதால் அடிப்பது என்று சுற்றிப் பார்த்தார்.
வீராயிதான் முதலில் சிரித்தது.

கணக்கில் எழுதிவிட்டேன்:
பிரம்பு, ஒரு கட்டு, ஆற்றோடு போனது.
நாளை ஆள் போய் வெட்டிவர வேண்டும்.
பன்னிரண்டு முடிச்சுக்கு அளந்து.
ஒரு முழம்கூட
மிச்சம் வராமல்.