பீச்சாங்கால்

வலக்கால் என்று அச்சடித்துவிட்டார்கள்.
மூன்றாம் பக்கம், கப்பல் வருகைக்குக் கீழே
நான்கே வரி:
வாட்டி கார்மைக்கேல், வயது நாற்பத்து நான்கு,
பினாங்குத் துறைமுகத்தில் கொதிகலன் ஆய்வாளர்,
ஒரு காலத்தில் ஸ்காட்லாந்தில் பந்தாட்டக்காரர்,
வலது ஓரம்.

இடது.
ஒன்பது வருஷம் அந்தக் காலுக்கு எதிரே நின்றவன் சொல்கிறேன்,
டாலி கிராணி சவரிமுத்து, வெல்ட் கீ கிட்டங்கி.
கூலிகள் அவனுக்கு வைத்த பெயரே
பீச்சாங்கால் துரை.
நேற்றுவரை நானும் துரை என்றுதான் சொன்னேன்.
மண் போட்டாயிற்று. இனி அவன்.

நிலக்கரி ஊரில் பிறந்தான்.
அப்பன் குழிக்குள் இறங்கினான், அண்ணன் இறங்கினான்,
இவன் பதினாறில் ஒரே ஒரு நாள் இறங்கி
மறுநாள் பந்தோடு ஓடிவிட்டான்.
வாரம் இரண்டு பவுன்,
ஜெயித்தால் மேலே பத்து ஷில்லிங்.
மழை குடித்த தோல்பந்து பாறாங்கல் கனமாம்.
அதன் வாய்க்கட்டு வார் நெற்றியில் கிழித்த கோடு
கடைசிவரை வெள்ளையாய் நின்றது.
‘துரை ஒத்தைப் பட்டை போட்டிருக்கார்’ என்பான்
கிரேன் ஓட்டும் மாசிலாமணி.

ஒரு கிளப் அவனை இன்னொரு கிளப்புக்கு விற்றது.
‘மாடு மாதிரியா?’ என்றேன்.
‘மாட்டுக்குப் பல்லைப் பார்ப்பார்கள்,
எனக்கு முழங்காலைப் பார்த்தார்கள்.’

நாட்டுக்காக ஒருமுறை ஆடினான். ஒருமுறைதான்.
அதற்கு ஒரு தொப்பி கொடுத்தார்கள்,
நீல வெல்வெட், பொன் குஞ்சம்.
ஆர்கைல் ரோடு அறையில்
தேநீர்க் கெண்டிமேல் அதைத்தான் கவிழ்த்துவைப்பான்.
சூடு நிற்கும் என்பான்.
நின்றது, நான் குடித்திருக்கிறேன்.

பிறகு பெரிய சண்டை. பிரான்ஸ் சேறு.
முழங்காலுக்குள் ஒரு துண்டு இரும்பு.
பிறகு கப்பல்.

எஸ்பிளனேட் திடலில் வெள்ளைக்காரர் கிளப்
அவனைச் சேர்த்துக்கொண்டது, ஆட மட்டும்.
மாடிக்கு அழைக்கவில்லை.
அவன் பேசும் இங்கிலீஷ் அவர்களுக்கே புரியவில்லையாம்.
எங்களுக்குப் புரிந்தது.
எங்கள் இங்கிலீஷும் அப்படித்தானே.

ஐந்து மணிச் சங்கு ஊதியதும்
கிட்டங்கிக்குப் பின்னால், கொப்பரை நாற்றத்தில்,
இரண்டு தகர டிரம்களுக்கு நடுவே நான்.
உதைக்குப் பத்துக் காசு பந்தயம்.
பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைப்பான்.
நொண்டி நொண்டி மூன்றே எட்டு.
வலம் பார்ப்பான், பந்து இடம் போகும்.
இடம் பார்ப்பான், அப்போதும் இடம்தான் போகும்.
தெரிந்தே பாய்வேன். விரல் நுனியில் காற்று மட்டும் படும்.
ஞானப்பூ கணக்கு வைத்திருந்தாள்:
‘இதுவரைக்கும் ஒரு ஜோடி கம்மல்.’

போன வருஷம் ரப்பர் விலை தரையைத் தொட்டது.
எங்களில் பாதிப்பேரை ரஜூலாவில் ஏற்றி
நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள்.
மாசிலாமணி போனான். கிரேன் சும்மா நின்றது.
அந்த வாரம்தான், மழைக்குச் சற்று முன்,
அவன் உதைத்த பந்து
பூனைக்குட்டி மாதிரி நேரே என் நெஞ்சுக்கு வந்தது.

யாரும் கைதட்டவில்லை.
குனிந்து தன் காலைப் பார்த்தான்,
வேறு யாருடையதையோ பார்ப்பதுபோல.
பையில் துழாவி ஒரு வெள்ளி எடுத்து நீட்டினான்.
‘சில்லறை இல்லை’ என்றேன்.
‘மீதி உன்னிடம் இருக்கட்டும். நாளைக்கு ஆடிக் கழிக்கிறேன்.’

மறுநாள் ஆஸ்பத்திரி.
ஒன்பது உதை பாக்கி.

தொப்பி ஏலத்துக்குப் போனது, கெண்டியோடு சேர்த்து,
குஞ்சத்தில் தேநீர்க் கறையோடு.
நான் அந்தப் பக்கம் போகவில்லை.

பத்திரிகை ஆபீசுக்குப் போனேன்.
திருத்தம் வரிக்கு ஒன்றே கால் வெள்ளி என்றார்கள்.
தொண்ணூறு காசு அவனுடையது,
முப்பத்தைந்து என்னுடையது.
எழுதிக் காட்டினார்கள்:
‘சனிக்கிழமை மூன்றாம் பக்கத்தில்
வலது என்பதை இடது என வாசிக்கவும்.’
யாருக்கு என்று போடவில்லையே என்றேன்.
பெயர் சேர்த்தால் இரண்டு வரி ஆகுமாம்.

இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு
மழையில் இறங்கி நடந்தேன்.