இடக்கை

மாடக்குளம் கண்மாய், மூன்றாம் சுற்று.
பொம்மை வாத்து எங்கே கிடக்கிறதென்று
எனக்குத் தெரியும், மிளகிக்குத் தெரியாது.
அதுதான் பரீட்சை.
காற்று நாகமலைப் பக்கமிருந்து,
வாசனையும் எட்டாது.

கரையோரம் ஓடினால் சுலபம்.
ஓடாமல் நீருக்குள் இறங்கினாள்.
ஆகாயத்தாமரையை விலக்கிக்கொண்டு
கருப்புத் தலை மட்டும் போகிறது.

விசில்.
நீரை மிதித்தபடியே திரும்பிப் பார்த்தாள்.
இடக்கை நீட்டினேன்.
போனாள்.

அப்புறம்தான் உறைத்தது:
கூசும் வெயிலில்
நான் குறித்து வைத்த கருவேலம் அதுவல்ல,
அடுத்தது.

மறுபடி ஊதினால் மதிப்பெண் போகும்.
சேவியர் சார் பேனாவைத் திறந்துவிட்டார்.

ஒன்றுமில்லாத தண்ணீரில்
வட்டம் போடுகிறாள்.
இங்கே இல்லை என்கிறது மூக்கு.
என் கை சொன்னதை நம்பி
இன்னொரு வட்டம்.

ஊதினேன். வலக்கை.

கோபமேயில்லாமல் திரும்பியது
அந்தத் தலை.