இருபத்து நான்கு கிராம்

பாயான் லெப்பாஸில் பன்னிரண்டு மணி நேரம்
உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உறைக்குள் இருந்துவிட்டு
வீடு வந்து குளித்து
மறுபடியும் கையுறை மாட்டுகிறேன்.
"அங்கே சிலிக்கான், இங்கே வெள்ளியா"
என்று சிரிப்பார் தேவேந்திரன்.
அவருக்கு அரோவானா மீன்,
எனக்கு அமெரிக்கக் கழுகு.
மீனாவது சோறு கேட்கும்.

ஒரு அவுன்ஸ்.
முப்பத்தொரு கிராமும் கொஞ்சம் சொச்சமும்.
ஒரு பக்கம் கொடியைப் போர்த்திய ஒருத்தி
கை நீட்டிச் சூரியனை நோக்கி நடக்கிறாள்.
மறுபக்கம் 'ஒரு டாலர்' என்று
கூசாமல் பொய் சொல்கிறது நாணயம்.
ஒரு டாலருக்கு வாங்கிய மகராசன் எவனோ.
நான் போனஸ் வரக் காத்திருந்து
கொம்தார் இரண்டாம் மாடியில்
மிஸ்டர் ஊயின் கண்ணாடி மேசை முன்னால்
வெள்ளி ஏற, ரிங்கிட் இறங்க,
இரண்டும் சொல்லிவைத்து அடிக்கும் நாளில்
வாங்குகிறவள்.

புல்லியன் சாதுக்கள்.
பச்சை மூடிக் குழலுக்குள் இருபது பேர்,
தைப்பூசத்துக்குப் போகும் பஸ்போல.
புரூஃபுக்குத்தான் வெல்வெட், பெட்டி, சான்றிதழ்,
முகம் பார்க்கும் தரை.
பலமுறை அடித்தால்தான் அந்த மினுக்கு வருமாம்.
"பத்தொன்பது வருஷமாய் ஆலையில் அடிவாங்குகிறேன்,
எனக்கு ஏன் வரவில்லை" என்றேன்.
ஊய் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்றாறு மட்டும் என்னிடம் இல்லை.
அந்த ஆண்டு குறைத்து அடித்தார்களாம்.
இருக்கட்டும்.
எந்தக் குடும்பத்திலும் ஒருத்தர் வராமல் இருப்பார்.

பினாங்குக் காற்றில் உப்பு.
செருப்புப் பெட்டிகளில் பொறுக்கிய
ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களைத்
தலையணைபோல் அடுக்கிவைத்தும்
இரண்டாயிரத்துப் பதினொன்றின் முழங்காலில்
பால் தெறித்தாற்போல் ஒரு புள்ளி.
துடைத்தால் நாணயம் கெடும்.
துடைக்காவிட்டால் என் தூக்கம்.

பிறகு ஒரு ஞாயிறு, லோரோங் கூலிட் சந்தை.
ஒற்றை ஒலிபெருக்கி, நின்றுபோன கடிகாரங்கள்,
யாருடையதோ பல்செட்,
நடுவில் அவள், உறையில்லாமல், வெயிலில்.
தொண்ணூறு ரிங்கிட்.
மலிவைக் கண்டால் கேள்வி கேட்காத ஒருத்தி
எனக்குள் இருக்கிறாள்.
அவள்தான் காசைக் கொடுத்தாள்.

வீட்டில் மாவு நிறுக்கும் தராசு
இருபத்து நான்கு கிராம் என்றது.
சுண்டினேன்.
கணீர் இல்லை, தொக்.
காந்தம் ஓடிப்போய் அணைத்துக்கொண்டது.
பூதக்கண்ணாடியில் பார்த்தால்
கழுகுக்குக் கோழியின் முகம்.
தேவேந்திரன் இரண்டு நாள் சிரித்தார்,
மூன்றாம் நாள் மீனிடம் சொல்லிச் சிரித்தார்.

குப்பைக்குத்தான் எடுத்துப்போனேன்.
வழியில்தான் கவனித்தேன்,
கையில் கையுறை இல்லை.

இத்தனை வருஷத்தில் இவளை நான் தொட்டதில்லை.
அங்கியின் மடிப்பு இப்படிச் சொரசொரக்கும் என்றோ
விளிம்பின் பற்கள் விரலை இப்படி நிமிண்டும் என்றோ
முப்பத்தேழு நல்ல நாணயங்களும் எனக்குச் சொன்னதில்லை.

இப்போது தினமும் ஆலை பஸ்ஸில் என் உள்ளங்கைக்குள் வருகிறாள்.
வாசல் சோதனையில் தட்டில் வைத்தால்
காவலர் ஜம்ரி எடுத்துப் பார்த்து
"பேராக்?" என்கிறார்.
உலோகத்தைக் கேட்கிறாரா, ஊரைக் கேட்கிறாரா?
இதுவும் இல்லை, நான் கெடா என்றேன்.

வியர்வைக்கும் கட்டைவிரலுக்கும்
பூச்சு தாங்கவில்லை.
முதலில் மூக்கு போனது.
நீட்டிய கையில் மூன்று விரல் மிச்சம்.
சூரியன் இருந்த மூலையில்
இரும்பு வெளியே வந்து துருப்பிடித்துச்
செக்கச்சிவந்து கிடக்கிறது.
மற்ற எதிலும் அது
இவ்வளவு சூரியனாய் இருந்ததில்லை.

ஊயிடம் இன்னும் காட்டவில்லை.
ஒரு விலை சொல்லிவிடுவார்.