பயனாளர் வகை

விண்ணப்பத்தின் ஏழாம் பக்கத்தில் ஒரு கட்டம்:
ஒரு நாளில் எத்தனை பேர் குடிப்பார்கள்?
சோஹார் கடற்கரைச் சாலையில்
ஒரு மாலை முழுக்க நின்று எண்ணினேன்.
நடப்பவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு.
குழந்தை வண்டிகள் முப்பது.
பூனை ஒன்று, அதை எழுதவில்லை.

கேட்ட தொகை பதினோராயிரத்து நானூறு ரியால்.
நான்கு நிலையங்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும்
ஓர் எண்பலகை.
அரை லிட்டர் இறங்கினால் ஓர் எண் ஏறும்:
கடலுக்குப் போகாமல் தப்பிய பாட்டில் ஒன்று.
கொடுப்பவர்களுக்கு அந்த எண்தான் வேண்டும்.
தாகம் என்ற சொல்
இருபத்திரண்டு பக்கத்தில் எங்கும் இல்லை,
நானும் சேர்க்கவில்லை.

பணம் வந்தது.
ஷம்ஸா தொலைபேசியில் மப்ரூக் சொன்னாள்.
குழாய் பொருத்திய ஜெபநேசன்
சென்சாரைச் சட்டைநுனியால் துடைத்துவிட்டு,
"கைய ஏந்துனா வராது சார்,
பாட்டிலக் காட்டணும்" என்றான்.
காட்டினான், வந்தது.
ஏந்தினான்.
இருவரும் கொஞ்ச நேரம்
அவனுடைய காய்ந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜூன்.
குளிர்நீர்க் குழாயில் தேநீர் போடலாம்.
கீசரை அணைத்துவைத்து
அதில் ஆறிய தண்ணீரில்தான் எல்லாரும் குளித்தோம்.
மாத முடிவில் கணக்கு:
மூன்று நிலையங்கள் சேர்ந்து நானூற்று ஆறு.
நான்காவது,
மீன்சந்தை தாண்டி பஸ் திரும்பும் இடத்தில் இருப்பது,
ஒன்பதாயிரத்து எழுபது.

போர்டு பழுது என்றேன்.
ஜெபநேசன் கழற்றிப் பார்த்தான், பழுதில்லை.
மறுநாள் விடியுமுன் நாலரைக்குப் போய் நின்றோம்.

ஜன்னலில் கம்பி போட்ட பஸ்.
இறங்கியவர்கள் கையில்
சமையல் எண்ணெய் இருந்த கேன்,
தரை கழுவும் மருந்து இருந்த கேன்,
எல்லாம் ஐந்து லிட்டர்.
தூக்கத்தில் நடந்துவந்த வரிசை அது,
பேச்சே இல்லை.
கேனுக்குப் பத்து ஏறியது பலகையில்.
ஒருவர் கழுத்துத் துண்டை நனைத்துக்கொண்டார்,
அதற்கும் ஒன்று.
ஓட்டுநர் ரொபியுல் என்ஜினை அணைக்கவில்லை.
கேம்பில் தண்ணீர் இல்லையா என்றேன்.
இருக்கிறது, கொதிக்கிறது.
கம்பெனி கொடுக்குமே?
கொடுக்கும், பதினொரு மணிவரைக்கும்.

எண்ணைப் பார்த்து ஷம்ஸா பூரித்துப்போனாள்.
அடுத்த ஆண்டுக்கும் கேட்கலாம்,
நான்காம் நிலையத்துப் படம் ஒன்று வேண்டும்,
யாராவது ஓடிவந்து குடிப்பதுபோல,
பின்னால் சூரியன் இருந்தால் நல்லது.
புதுப்பிக்கும் படிவத்தில் இன்னொரு கட்டம்:
பயனாளர் வகை.
நடப்பவர், ஓடுபவர், சைக்கிள்காரர், சுற்றுலாப் பயணி.
கடைசியில் ஒரு மற்றவை.
அடிக்குறிப்பு:
மொத்தமாக நிரப்புவதைத் தவிர்க்க ஏற்பாடு உண்டா?

"ஒரு திருகு போதும் சார்,
ஒரு லிட்டரோட நின்னுடும்"
என்றான் ஜெபநேசன்,
ஸ்க்ரூடிரைவரைப் பையிலிருந்து எடுக்காமலே.

அன்று வீட்டுக்கு நடந்தே போனேன்.
யாரோ ஒருவர் வீட்டு மதிலோரம் சபீல்,
துருவேறிய எஃகுப் பெட்டி, சங்கிலியில் குவளை.
ஒரு கையால் அழுத்தி மறுகையை ஏந்தினேன்.
எங்கள் ஊர்ப் பங்குனித் தண்ணீர்ப்பந்தலில்கூட
உபயதாரர் பேர் தொங்கும்.
இங்கே அதுவும் இல்லை.

இரவு விதிமுறைகளை மறுபடி வாசித்தேன்.
பாட்டில் என்பது
மறுபடி மறுபடி நிரப்பத்தக்க எந்தக் கலனும்.
அளவு எழுத மறந்திருந்தார்கள்.
மற்றவை என்பதில் தொண்ணூற்றாறு சதவீதம் என்று எழுதினேன்.
ஏற்பாடு உண்டா? இல்லை.
படத்தில் சூரியன் வரவில்லை.
பஸ்ஸின் முன்விளக்கு, ஈரமான கைகள், கேன்களின் வாய்.

அனுப்பி மூன்று வாரம் ஆகிறது.
பதில் இல்லை.
நான்காம் நிலையத்து வடிகட்டி அதற்குள் அடைத்துவிட்டது,
மாற்ற முப்பத்தெட்டு ரியால்,
பட்ஜெட்டில் அதற்குத் தலைப்பே கிடையாது.
ரொபியுல் பஸ்ஸுக்குள் தொப்பியைக் கழற்றி நீட்டினாராம்,
நூறு பைசா, இருநூறு பைசாவாக
ஐந்து ரியால் வந்தது.
ஜெபநேசன் பத்து போட்டான்.
மிச்சத்தை நான் போட்டேன்,
ரசீது வாங்கவில்லை.